அளவுகோலின் கோட்டம்

யூபிலி மலருக்கு எழுதப் புகுவோர் தம் காலத்து உபாத்தியாயர்களையும் விளையாட்டுத் திடலையும் விடுதிச் சோற்றையும் நினைவுகூர்தல் மரபாகும். அம்மரபை மீறுதல் எமது நோக்கமன்று. ஆயினும் நாற்பது ஆண்டுகளாக எமக்குச் சோறிட்டு வந்தது புள்ளிவிபரவியல் என்னுந் துறையாகையால், அத்துறையின் ஒரு மூலையிலே நெடுநாளாக நடைபெற்றுவரும் ஒரு வழக்கினை எம்மோடு பயின்றோருக்கும் இன்று பயில்வோருக்கும் எடுத்துரைக்க விரும்பினோம். விடுதியும் இடையில் வந்தே தீரும்.

வழக்காவது யாதெனில், ஒரு வினாக்கொத்திலுள்ள ஒரு வினா ஒரு சாராரை நேராகவும் மற்றொரு சாராரைக் கோணலாகவும் அளக்கின்றதா என்பதை எங்ஙனம் கண்டறிவது என்பதேயாம். சரி, பிழை என இரண்டே முடிபுடைய கணக்கு வினாக்களைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போவதில்லை. நாம் எடுத்துக்கொண்டவை தர அளவுகோல்கள். ஒரு கூற்றைத் தந்து, அதனை முற்றாக ஏற்கின்றீரா, ஓரளவு ஏற்கின்றீரா, மறுக்கின்றீரா எனப் படிப்படியாகக் கேட்டு, ஒவ்வொரு படிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, ஈற்றில் எல்லாவற்றையும் கூட்டிவிடும் முறையை 1932-ஆம் ஆண்டிலே ரென்சிஸ் லிக்கேட் என்னும் அமெரிக்கர் வகுத்தார். அன்றிலிருந்து அது வளர்ந்த வளர்ச்சி ஆல்போல் தழைத்த வளர்ச்சியாகும். வங்கியிலும் வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் ஐந்து வட்டங்களுள் ஒன்றைக் கறுப்பாக்குமாறு கேட்கப்படாதவர் இன்று அரியர். வட்டத்தைக் கறுப்பாக்குதல் எளிது. கூட்டி வந்த எண்ணின் மேல் ஒருவருடைய உத்தியோகமோ சிகிச்சையோ தங்கியிருக்கும்போதுதான் வினாவின் நேர்மை என்னும் பேச்சு எழுகின்றது.

விடுதியிலிருந்த எவருக்கும் இதனை விளக்குதல் கடினமன்று. மாணாக்கரின் மனச்சோர்வை அளப்பதற்கு நம் காலத்திலே ஒருவர் வினாக்கொத்தொன்றை வகுத்து, அதிலே 'இரவில் நித்திரை குழம்புகின்றதா?' என்று ஒரு வினாவைச் சேர்த்திருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? வீட்டிலிருந்து வந்து போகும் மாணாக்கன் கவலையிருந்தால் 'ஆம்' என்பான். விடுதி மாணாக்கனோ கவலை இருப்பினும் இல்லாவிடினும் 'எந்நாளும்' என்னும் படியிலேயே கோடிட்டிருப்பான். எமது கட்டிலில் வாழ்ந்த மூட்டைப்பூச்சிகளின் தொகையை அறிந்தவர் எவரும் இதனை மறுக்கமாட்டார். அவ்வினா ஒரு சாராரிடத்தில் மனத்தை அளக்கின்றது. மற்றச் சாராரிடத்தில் மூட்டைப்பூச்சியை அளக்கின்றது. ஒரே அளவான மனச்சோர்வுடைய இரு மாணாக்கர், எவ்விடத்தில் உறங்குகின்றனர் என்பதை மாத்திரங்கொண்டு வெவ்வேறு விடை கூறுவராயின், அவ்வினாவில் கோட்டம் உண்டு. 'ஒரே அளவான' என்னும் சொற்றொடரை வாசகர் மனத்திற் கொள்வாராக. இனி வரும் தர்க்கம் முழுவதும் அதனைச் சுற்றியே நிகழ்வது.

அச்சொற்றொடரை மறந்தமையால் விளைந்த குழப்பமொன்று அமெரிக்க வழக்குமன்ற வரலாற்றிலேயே உண்டு. இலினோய் மாநிலத்திலே காப்புறுதி முகவர்களுக்கு அனுமதிப் பத்திரம் வழங்கும் பரீட்சையானது கறுப்பினத்தவருக்கு எதிராகச் சாய்ந்துள்ளதெனக் கோல்டன் றூல் என்னும் காப்புறுதிக் கம்பனி 1976-இல் வழக்குத் தொடுத்தது. 1984-இல் இருதரப்பாரும் ஓர் இணக்கத்துக்கு வந்தனர். சரியான விடை எழுதியோர் வீதம் இரு இனத்தாரிடையேயும் நூற்றுக்கு 15-க்கு மேல் வேறுபடாத வினாக்களுக்கே முதலிடம் கொடுத்தல் வேண்டுமென்பது அவ்விணக்கத்தின் சாரம். கேட்பதற்கு நீதியாகவே தோன்றுகின்றது. ஆனால் இரு சாராருடைய சராசரியும் வேறுபட்டமைக்கு வினாவின் கோட்டமும் காரணமாகலாம். ஒரு சாராருக்கு நல்ல பாடசாலை வாய்க்காமையும் காரணமாகலாம். பின்னையதாயின், வினாவை நீக்குவதாற் பாடசாலை திருந்தப்போவதில்லை. வெப்பமானி காய்ச்சலைக் காட்டிற்று என்பதற்காக அதனை உடைப்பதற்கு ஒப்பாகும். பரீட்சையை வகுத்த நிறுவனத்தின் தலைவரே 1987-இல் அவ்விணக்கம் ஒரு தவறென வெளிப்படையாகக் கூறினார். ஆயினும் அவ்வழக்கு ஒரு நன்மையைச் செய்தது. சராசரிகளை ஒப்பிடுதல் போதாது, ஒத்தாரை ஒத்தாரோடு ஒப்பிடல் வேண்டும் என்னும் எண்ணத்தை அது துறை முழுவதிலும் ஊன்றிவிட்டது.

இனித் தர அளவுகோலுக்கு வருவோம். நாம் நன்கறிந்த ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க தேசிய உளநல நிறுவனத்தைச் சேர்ந்த லெனோர் றட்லொவ் என்னும் அம்மையார் 1977-இல் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலில் 20 வினாக்கள் உள. கடந்த ஒரு கிழமையில் இன்ன உணர்வு எத்தனை நாள் இருந்ததென்று ஒவ்வொன்றும் கேட்கும். அரிதாக என்றால் 0, பெரும்பாலான நாட்களில் என்றால் 3. ஆகவே மொத்தம் 0 முதல் 60 வரை வரலாம். 16-உம் அதற்கு மேலும் பெற்றவர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கக்கூடும் எனக் கொள்ளுதல் வழக்கமாயிற்று. வினாக்களுள் ஒன்று அழுகையைப் பற்றியது. ஒன்று, பிறர் சிநேகமாக நடக்கவில்லை என்பது. மற்றொன்று, பிறர் தம்மை வெறுக்கின்றனர் என்னும் உணர்வைப் பற்றியது.

கனெற்றிக்கட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன முதியோர் 2,340 பேரின் விடைகளைக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இம்மூன்று வினாக்களையும் பெயர் சொல்லிக் குற்றஞ் சாட்டியது. மொத்த மனச்சோர்வில் ஒத்த இருவரை ஒப்பிடும்போது, 'சிநேகமாக இல்லை' என்னும் வினாவில் மேற்படியைத் தெரிவதற்குக் கறுப்பினத்தவருக்குரிய விகிதம் வெள்ளையருக்குரியதைப் போல் 2.29 மடங்கு. 'வெறுக்கின்றனர்' என்னும் வினாவில் 2.96 மடங்கு. அழுகை வினாவில் ஆடவரிலும் பார்க்கப் பெண்டிருக்கு 2.14 மடங்கு. இம்மடங்குகள் ஆட்களின் தொகையைக் குறிப்பன அல்ல. ஆம் என்பாருக்கும் அல்ல என்பாருக்கும் இடையிலுள்ள விகிதத்தைக் குறிப்பன. உதாரணமாக, ஒரு படியையோ அதற்கு மேற்பட்டதையோ தெரியும் வெள்ளையர் நூற்றுக்கு 20 பேர் எனின், அதே மொத்தப் புள்ளியுடைய கறுப்பினத்தவரில் அத்தொகை 2.96 மடங்கின்படி 42-க்கும் 43-க்கும் இடையில் வரும்.

இது சிறிய விடயமன்று. கறுப்பின மூதாட்டி ஒருவர் அவ்விரு வினாக்களுக்கும் 3 எனக் கோடிட்டால், எல்லைக்கோடாகிய 16-இல் 6 புள்ளிகள் அவ்விடத்திலேயே சேர்ந்துவிடும். அவருடைய மனம் சோர்ந்திருப்பதனால் உலகம் பகையாகத் தோன்றுகின்றதா, அன்றி அவரைச் சூழ்ந்தார் உண்மையிலேயே சிநேகமின்றி நடப்பதனை அவர் உள்ளவாறு கூறுகின்றாரா என்பதை அளவுகோல் அறியாது. அறியாமலே அவரை நோயாளி எனக் குறித்துவிடுகின்றது.

இத்தகைய வினாவைப் பிடிப்பதற்கு வகுக்கப்பட்ட முறைகள் பல. மிகவும் எளியதாகிய முறை வைத்தியத் துறையிலிருந்து வந்தது. நேதன் மன்ரெல், வில்லியம் ஹென்செல் என்னும் இருவர் 1959-இல் நோயின் காரணங்களை ஆராய்வதற்காக ஒரு வழி கண்டனர். ஒத்த வயதினரை ஒத்த வயதினரோடு வகுத்து, ஒவ்வொரு வகுப்பிலும் தனித்தனியே ஒப்பிட்டு, பின்னர் ஒப்பீடுகளை ஒன்றுசேர்ப்பதே அவ்வழி. படிகள் பலவாயின் யாது செய்வதென்பதை 1963-இல் மன்ரெல் எடுத்துரைத்தார். பால் ஹொலன்ட், டொறதி தேயர் என்போர் 1988-இல் அதனைப் பரீட்சை வினாக்களுக்கு ஏற்றினர். வயதின் இடத்தில் மொத்தப் புள்ளி வந்தமர்ந்தது. மொத்தம் 12 பெற்றோரை ஒரு கூட்டமாகவும் 13 பெற்றோரை மற்றொரு கூட்டமாகவும் நிறுத்தி, ஒவ்வொரு கூட்டத்திலும் இரு சாராரும் அக்குறித்த வினாவுக்குப் பெற்ற சராசரியைப் பார்க்கின்றோம். கோட்டமில்லையேல் சராசரிகள் தற்செயலாக அங்குமிங்கும் அசையுமேயன்றி ஒரு பக்கமாகவே சாயா. காகிதமும் பென்சிலும் பொறுமையும் இருந்தாற் செய்துமுடிக்கலாம். எமது இளமையில் ஒருமுறை அவ்வாறே கையாற் செய்ததுண்டு. மூன்று நாட்கள் பிடித்தன.

இம்முறையிலே எமக்குப் பற்று அதிகம் என்பதை ஒளிக்கவில்லை. ஆயினும் அதன் கண் சில இடங்களிற் குருடு. அது சராசரியை மட்டுமே காண்பது. ஒரு சாரார் எல்லாரும் நடுப்படியிற் கோடிட, மற்றச் சாரார் பாதிப்பேர் மேற்படியிலும் பாதிப்பேர் கீழ்ப்படியிலும் கோடிட்டால், சராசரிகள் ஒன்றாகவே வரும். 'குற்றமில்லை' என்று முறை தீர்ப்புக் கூறிவிடும். படிகளின் ஒழுங்கைப் பொருட்படுத்தாது ஒவ்வொரு படியையும் தனித்தனியே எண்ணும் விரிந்த மன்ரெல்–ஹென்செல் முறை இதனைப் பிடிக்கும். ஆனால் அங்குமிங்கும் நோக்குவதனாலே, ஒரே திசையிற் சாயும் சாதாரணக் கோட்டத்தைப் பிடிக்கும் கூர்மையிற் சிறிது இழந்துவிடும். நாய்க்கு இரண்டு வீடு காவல் கொடுத்த கதை.

இன்னொரு குருடும் உண்டு. சோர்வு குறைந்த நிலையில் ஆடவர் அழார், பெண்டிர் அழுவர். சோர்வு முற்றிய நிலையில் இருவரும் ஒத்தே அழுவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கோட்டத்தின் அளவு எல்லா நிலையிலும் ஒன்றன்று. ஏறியும் இறங்கியும் வரும். சில வேளைகளில் ஓரிடத்தில் ஒரு பக்கமும் வேறோரிடத்தில் மறுபக்கமுமாகச் சாய்ந்து, கூட்டிப் பார்க்கையில் ஒன்றையொன்று விழுங்கிவிடும். இதற்கு உதவுவது 'லொஜிஸ்ரிக்' பிற்செலவு. சரி, பிழை வினாக்களுக்கு 1990-இல் சுவாமிநாதன், றொஜேர்ஸ் என்போர் இதனை எடுத்துக்கூறினர். படிகளுடைய வினாக்களுக்கு அதனைப் பிரயோகிக்கும் வழியை 1999-இல் புறூனோ சும்போ விரித்தெழுதினார். விடையை முதலில் மொத்தப் புள்ளி ஒன்றைக் கொண்டே விளக்க முயலுதல். அடுத்து, எந்தச் சாரார் என்பதைச் சேர்த்தல். மூன்றாவதாக, இரண்டும் கலந்து நிற்கும் நிலையைச் சேர்த்தல். ஒவ்வொரு படியிலும் விளக்கம் எவ்வளவு மேம்பட்டதென்று பார்த்தால், கோட்டம் உண்டோ என்பதோடு எவ்வகைக் கோட்டம் என்பதும் வெளியாகும். இன்று இம்முறையே பெருவழக்காயிருப்பதில் வியப்பில்லை. நியூ ஹேவன் ஆராய்ச்சியும் இக்குடும்பத்தைச் சேர்ந்த முறையையே கைக்கொண்டது.

மேற்கூறியவை யாவும் கூட்டுப்புள்ளியை நம்பி நிற்பன. அதனை நம்ப மறுத்தோர் வேறு வழியிற் சென்றனர். கூட்டுப்புள்ளி வெறும் நிழலே; நிழலுக்குப் பின்னால் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பண்பு உண்டு; அதனையே கணித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. படிகளுடைய வினாக்களுக்கு இத்தகைய கணித அமைப்பொன்றை 1969-இல் பியுமிக்கோ சமேஜிமா என்னும் ஜப்பானிய அம்மையார் வகுத்தார். வினா ஒவ்வொன்றுக்கும் அதன் கூர்மையைக் காட்டும் ஓர் எண்ணும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் வாயில்களைக் காட்டும் எண்கள் சிலவும் கணிக்கப்படும். அவ்வெண்கள் இரு சாராருக்கும் ஒன்றே எனக் கொண்டு ஒருமுறையும், வேறுபட விட்டு ஒருமுறையும் கணித்து, இரண்டாவது கணிப்பு எவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றதென ஒப்பிடுவர். அழகிய முறை. ஆனால் அதற்குப் பெருந்தொகையான ஆட்கள் வேண்டும்; அமைப்பும் உண்மைக்குப் பொருந்தியிருத்தல் வேண்டும். இருநூறு பேரின் விடைத்தாள்களை வைத்துக்கொண்டு இம்முறையிற் பிடிவாதம் பிடிப்போரை நாம் கண்டதுண்டு. நகைப்புத் தராசிலே நெல்மூட்டை நிறுப்பாரையும், மூட்டைத் தராசிலே தங்கம் நிறுப்பாரையும் ஒருங்கே நினைவூட்டுவர்.

இவ்விரு கட்சிக்கும் இடையில் நின்று கூட்டுப்புள்ளியின் ஒரு பெருங்குறையைத் திருத்த முயன்ற முறையொன்று உண்டு. 1993-இல் ஷீலி, ஸ்ரவுட் என்போர் அதனை வகுக்க, 1996-இல் அது படிகளுடைய வினாக்களுக்கும் விரிக்கப்பட்டது. குறை யாதென்பதைத் துடுப்பாட்டத்தைக் கொண்டு கூறுவோம். கல்லூரியின் முதலணி வீரன் ஒருவனும் மூன்றாமணி வீரன் ஒருவனும் ஒரே ஓர் இனிங்ஸில் ஆளுக்கு 30 ஓட்டங்கள் எடுத்தனர். இருவரும் சமமான வல்லவரோ? அனுபவமுடைய எவரும் அவ்வாறு கூறார். மூன்றாமணியான் அன்று அதிட்டசாலி. முதலணியான் அன்று விரைவில் ஆட்டமிழந்தவன். ஒரே ஓர் இனிங்ஸ் என்பதனால் தற்செயலுக்கு அத்துணை இடம் கிடைத்துவிட்டது. இருபது இனிங்ஸ்களின் சராசரி ஒத்திருந்தால் ஐயம் பெரிதும் நீங்கியிருக்கும். குறுகிய வினாக்கொத்தும் ஓர் இனிங்ஸ் போன்றதே. தர அளவுகோல்களுட் பல பத்து வினாக்களோடு நின்றுவிடுகின்றன. ஆகவே கூட்டுப்புள்ளி ஒத்த இருவர், சராசரியில் வேறுபட்ட இரு கூட்டங்களிலிருந்து வந்தால், உண்மையில் ஒத்தவர் அல்லர். அவர்களை ஒத்தவராகக் கொண்டு ஒப்பிடும் முறை, குற்றமற்ற வினாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். ஷீலியும் ஸ்ரவுட்டும் ஒவ்வொரு கூட்டத்தின் புள்ளியையும் அதனதன் சராசரியை நோக்கிச் சிறிது இழுத்து, அதன் பின்னரே ஒப்பிட்டனர்.

எம்முறை சிறந்தது? எம்மிடம் வரும் இளைஞர் முதலிற் கேட்கும் கேள்வி இது. போலித் தரவுகளைக் கணினியில் ஆக்கி, எந்த வினாவிற் கோட்டம் வைத்தோம் என்பதை நாமே அறிந்துகொண்டு, எம்முறை அதனைப் பிடிக்கின்றது, எம்முறை நிரபராதியைப் பிடிக்கின்றது என ஒப்பிடும் ஆராய்ச்சிகள் பல வந்துள்ளன. அவற்றாற் பொதுவாகத் துணியக்கூடியது, இரு சாராரின் சராசரியும் ஒத்திருந்து, வினாக்கள் போதியனவாய், ஆட்களும் போதியராய் இருக்கும்போது முறைகளிடையே பெரிய பேதமில்லை என்பதே. சராசரி விலக விலக, வினாத்தொகை குறையக் குறைய, முறைகள் ஒன்றோடொன்று முரணத் தொடங்கும். எமக்கு ஐயம் அதிகமாக எழும் இடத்திலேதான் சாட்சிகளும் மாறுபடுகின்றனர். ஆகவே ஒரு முறையோடு நில்லாது, மன்ரெல் முறையையும் பிற்செலவு முறையையும் ஒருங்கே நடத்தி, இரண்டும் குற்றஞ்சாட்டும் வினாவை முதலில் எடுத்து ஆராய்தல் எமது வழக்கம்.

இன்னுமொரு சங்கடம். ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருப்பின், நூலளவு கோட்டமும் 'தற்செயல் அன்று' என்று வெளிப்பட்டுவிடும். தற்செயல் அன்று என்பது வேறு, பொருட்படுத்தத் தக்கது என்பது வேறு. ஆகவே கோட்டத்தின் பருமனை அளந்து, அற்பம், நடுத்தரம், பெரிது என வகுத்தல் அவசியமாயிற்று. எல்லைக்கோடு எங்கே? பிற்செலவு முறையில் விளக்கம் எவ்வளவு கூடியது என்பதைக் கொண்டு 0.13-க்குக் குறைந்ததெல்லாம் அற்பம் என்பது 1997-இல் சும்போவும் தோமஸும் கூறிய கணக்கு. 2001-இல் ஜொடொயினும் கியேலும் 0.035-க்குக் குறைந்ததே அற்பம், 0.070-க்கு மேற்பட்டது பெரிது என்றனர். 0.10 பெற்ற வினாவொன்று வருமாயின், ஒரு சட்டப்படி அது நிரபராதி, மற்றச் சட்டப்படி கொடியது. இரண்டு சட்டமும் இன்றும் வழக்கில் உள. ஆராய்ச்சிக் கட்டுரையை வாசிப்போர் எந்தச் சட்டம் என்று முதலிற் பார்த்துக்கொள்வது நன்று.

இத்துணையும் முறைகளின் சண்டை. இவை யாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனத்தைப் பற்றியே நாம் ஈண்டு கூற விரும்பியது. சந்தேகத்துக்கு இடமான வினாவை எதனோடு ஒப்பிட்டோம்? மொத்தப் புள்ளியோடு. மொத்தப் புள்ளி எதனால் ஆயிற்று? அவ்வினாவும் அதன் தோழர்களும் சேர்ந்து ஆயிற்று. கோலின் கோட்டத்தைக் கோலையே கொண்டு அளக்கின்றோம். இதனை உணர்ந்தோர் ஒரு பரிகாரம் செய்வர். முதற்சுற்றிற் பிடிபட்ட வினாக்களை நீக்கி, எஞ்சியவற்றின் கூட்டைக் கொண்டு இரண்டாம் சுற்று நடத்துவர். மீண்டும் பிடிபட்டவற்றை நீக்குவர். புடமிடுதல் போன்ற இப்பரிகாரம், இருபதில் இரண்டோ மூன்றோ கோணியிருந்தால் நன்றாக வேலை செய்யும். இருபதில் பன்னிரண்டு ஒரே பக்கம் கோணியிருந்தால்? அப்போது பெரும்பான்மையே நேர்மை எனக் கொள்ளப்பட்டு, நேராக நிற்கும் எட்டு வினாக்கள் கோணலெனப் பிடிபடும். இருபதும் ஒரே அளவாகக் கோணியிருப்பின் எம்முறையும் எதனையும் காணாது. தோழரிடமிருந்து மாறுபட்டு நிற்பவனையே இம்முறைகள் காட்டும். தோழர் அனைவரும் சேர்ந்து இழைக்கும் பிழையை அவை காட்டமாட்டா.

இது வெறுங் கற்பனையன்று. றட்லொவ் அம்மையாரின் அளவுகோலில் நான்கு வினாக்கள் இன்பத்தைக் கேட்பன. தாமும் பிறரைப் போல் நல்லவரே என்னும் எண்ணம், எதிர்காலத்தில் நம்பிக்கை, மகிழ்ச்சி, வாழ்வை நுகர்தல் என்பவை அவை. இவற்றுக்கு 'அரிதாக' என்றால் புள்ளி கூடும். ஜப்பானியரையும் அமெரிக்கரையும் ஒப்பிட்டு 1990-களில் இவாட்டா முதலியோர் செய்த ஆராய்ச்சிகளில், துன்பத்தைக் கேட்கும் வினாக்களில் இரு நாட்டாரும் பெரிதும் ஒத்திருக்க, இன்பத்தைக் கேட்கும் நான்கிலும் ஜப்பானியர் தாழ்த்தியே விடை கூறினர். மகிழ்ச்சியைப் பறைசாற்றுதல் அந்நாட்டில் நல்லொழுக்கமாகக் கருதப்படாமையே காரணமென அவர்கள் கண்டனர். எமக்கும் இது புரியாததன்று. யாழ்ப்பாணத்திலே வழியிற் காணும் ஒருவரிடம் சுகமோ என்று கேட்டால், மகனுக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்த அன்றும் 'ஏதோ இருக்கிறம்' என்பதே விடை. கண்ணூறு பட்டுவிடும் என்னும் அச்சம் ஒரு புறம். பெருமை பேசலாகாது என்னும் பழக்கம் மறுபுறம். அம்மனிதரை மனச்சோர்வுடையார் எனக் குறிக்கும் அளவுகோல் நேர்மையானதோ?

இங்கே நான்கு வினாக்கள் கூட்டாக நின்று ஒரே திசையிற் சாய்கின்றன. பதினாறு வினாக்கள் எதிரே நின்றமையால் அகப்பட்டன. இன்பத்தை மட்டுமே கேட்கும் பத்து வினாக்களைக் கொண்ட அளவுகோல் ஒன்றை எடுத்து இரு நாட்டாருக்கும் கொடுத்திருந்தால், எம்முடைய முறைகள் யாவும் 'கோட்டம் இல்லை' என்றே சான்று வழங்கியிருக்கும். அச்சான்றிதழைக் கையிலேந்தி, ஒரு நாடு முழுவதும் மகிழ்ச்சி குன்றியதெனப் பத்திரிகைகள் எழுதியுமிருக்கும்.

ஆதலின், கணக்கு முடிந்த பின்னர் மனிதர் இருந்து பேசவேண்டிய வேலை ஒன்று எஞ்சுகின்றது. கணக்கு காட்டுவது, ஒத்தவர் எனக் கருதப்பட்டோரிடையே வினா வேறுபட நடக்கின்றது என்பது மட்டுமே. அவ்வேறுபாடு கோட்டமா என்பதை வினாவின் பொருளை அறிந்தோரே கூறல் வேண்டும். அதனாலேயே துறையறிஞர் நாளடைவில் 'பக்கச்சார்புடைய வினா' என்னும் கடுஞ்சொல்லைக் கைவிட்டு, 'வேறுபட இயங்கும் வினா' என்னும் மெல்லிய சொல்லைக் கைக்கொண்டனர். சொல் மெலிந்தமையாற் பொறுப்பு மெலியவில்லை.

பிறர் வெறுக்கின்றனர் என்னும் அவ்வினாவையே மீளவும் நோக்குக. நியூ ஹேவன் ஆராய்ச்சியாளர் அம்மூன்று வினாக்களையும் நீக்கினால் அளவுகோல் அம்முதியோரிடத்தில் மேலும் செம்மையாகும் என முடிவு செய்தனர். இரு சாராரிடையே நோயின் பரவலை ஒப்பிடுவதே நோக்கமாயின் அம்முடிவு சரியென்றே நாமும் கருதுகின்றோம். ஆனால் ஒரு வைத்தியர் ஒரு மூதாட்டியின் முன்னிலையில் அமர்ந்திருக்கும்போது அதே வினாவை நீக்குதல் எமக்கு உடன்பாடன்று. கோணிய வினா என்று கணக்குக் கூறிய அதே வினாதான், அவ்வம்மையார் வாழும் தெருவைப் பற்றி அளவுகோலில் உள்ள வேறெந்த வினாவும் கேளாத ஒன்றைக் கேட்கின்றது. அதற்கு அவர் 3 எனக் கோடிட்டால் அதனைக் கூட்டாது தனியே வைத்து, யார், எப்பொழுது, எங்கே என்று வைத்தியர் கேட்டறிவது அவர் கடன். எமது சகபாடிகளுள் உளவியல் கற்ற ஒருவர் இதனை ஏற்பதில்லை. அளவுகோலைப் பகுதி பகுதியாகக் கிழித்தால் அது அளவுகோலாகாது என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் உண்டு. அவரும் நாமும் இதுபற்றிப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கடிதம் எழுதி வருகின்றோம்.

2004-ஆம் ஆண்டில் அவ்வளவுகோல் திருத்தி அமைக்கப்பட்டபோது, அழுகை வினாவும் மற்றைய இரண்டும் அதில் இடம்பெறவில்லை. இன்பத்தைக் கேட்ட நான்கும் இல்லை. கோட்டம் பற்றிய கணக்கைக் கொண்டு திருத்தியதாகக் கொள்ளற்க. வைத்தியர் கைக்கொள்ளும் நோய்க்குறி நூலோடு இணக்குவதற்கே பெரும்பாலும் திருத்தினர். 1977-இன் பழைய அளவுகோலோ இருபது வினாக்களோடும் 16 என்னும் எல்லைக்கோட்டோடும் பல நாடுகளில் பல மொழிகளில் இன்றும் வழங்கி வருகின்றது. சென்ற ஆண்டும் எமக்கு ஒரு கட்டு விடைத்தாள்கள் வந்தன. அழுகை வினாவின் ஓரத்தில் ஒருவர், படிகளுள் எதிலும் கோடிடாது, 'கிணற்றடியில் மட்டும்' என்று எழுதியிருந்தார்.